உரக்கடை மாடியில் ஒரு மனநல ஆராய்ச்சி

எங்கள் ஊரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள் உரக்கடைக்கு வரிசையாக வந்துபோன காலம் ஒன்று உண்டு. அதற்கு நான்தான் காரணம்.

ஊர் சங்கரன்கோவில். கடை, பூ மார்க்கெட்டுக்குப் போகிற வழியில். கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. அந்த அறையில்தான் எங்கள் மனநல ஆராய்ச்சி நடந்தது. மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை வெளியூரிலிருந்து ஒரு மனநல டாக்டர் வந்து உட்காருவார். அவரைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் டாக்டரைப் பார்க்க வந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கீழே கடையில் நின்று உரம் விலை விசாரிப்பார்கள். தெருவில் தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று உறுதியானதும் விறுவிறுவென்று படியேறிவிடுவார்கள். அத்தனை பேரும் விசைத்தறித் தெரு ஆட்கள். வாசலில் ஒரு துளசிச் செடி இருந்தால் அதுதான் அவர்களுடைய மொத்த விவசாயம்.

கடைக்காரர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"என்னவே, தறிக்காரவுகள்லாம் யூரியா வெல கேட்டுட்டு மாடிக்குப் போறாவ. வரும்போது வெறுங்கையோட வாராவ. உம்ம டாக்டர் பயிருக்கு வைத்தியம் பாக்குதாரா?"

"மனசும் பயிர் மாதிரிதான அண்ணாச்சி" என்றேன்.

"இப்படிப் பேசித்தான் இந்த வேலைய வாங்குனீரோ?"

உண்மையில் அப்படித்தான் வாங்கினேன். சமூகப்பணி படித்துவிட்டு, படிப்புக்குச் சம்பந்தமில்லாத எட்டு வேலை பார்த்து, நாற்பத்திரண்டாவது வயதில் படிப்புக்குச் சம்பந்தமான ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ஆராய்ச்சியை நடத்துகிற பேராசிரியை, நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம், "உங்க பலம் என்ன?" என்று கேட்டார். "யார் வீட்டு வாசல்ல நின்னாலும் ஒரு டம்ளர் காப்பி வாங்கிருவேன் மேடம்" என்றேன். களப்பணியாளர் வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. "உம்ம மூஞ்சியப் பாத்தா நல்லா இருக்கவுகளுக்கே மனசு கெட்டுப்போகுமே, உம்மப் போயி எதுக்கு எடுத்தாவ?" என்றாள். "ஆராய்ச்சிக்கு மனசக் கெடுக்கவும் ஆள் வேணும், தேத்தவும் ஆள் வேணும்லா" என்று சொல்லி வைத்தேன்.

ஆராய்ச்சி இதுதான். தறித் தெருவில் அறுபது குடும்பங்கள். முதலில் போய்க் கேள்வி கேட்க வேண்டும்: தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, எதற்கும் மனம் ஒட்டாமல் இருக்கிறதா. பிறகு ஆறு மாதம், நடந்து போகிற தூரத்தில் ஒரு மனநல டாக்டர் இருப்பார். ஆறு மாதம் கழித்து அதே ஆட்களிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். பக்கத்தில் டாக்டர் இருந்தால் ஆட்கள் தேறுகிறார்களா என்று பார்ப்பது நோக்கம். இரண்டாவது முறையும் ஏறக்குறைய எல்லாரும் பதில் சொன்னால், இன்னும் ஒரு வருடத்துக்கு நிதி வரும். பாதிப்பேர் கழன்றுகொண்டால் கதை அத்தோடு முடிந்தது.

நிதி வந்த விதத்தைச் சொன்னால் உங்களுக்கும் மனசு கெடும். ஆனாலும் சொல்லுகிறேன், நான் மட்டும் ஏன் அவஸ்தைப்பட வேண்டும். பணம் மார்ச் மாதம் பாதியில் வந்தது. அதில் பெரும்பகுதியை மார்ச் முடிவதற்குள் செலவழிக்க வேண்டும் என்று உத்தரவு. எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்ற பட்டியலில் லேப்டாப் இருந்தது, தொடுதிரை டேப் இருந்தது, கலர் பிரிண்டர் இருந்தது, ஆவணங்களைப் பாதுகாக்க ஆறடி உயர இரும்பு அலமாரி இருந்தது. டாக்டர் இல்லை. ஆராய்ச்சிப் பணத்தில் வைத்தியம் பார்க்கக் கூடாதாம். ஒருவருடைய துக்கத்தை நாம் அளக்கலாம், வரைபடம் போடலாம், கலரில் பிரிண்ட் எடுக்கலாம். குறைக்கக் கூடாது. குறைப்பது வேறு துறை.

அலமாரி மாடிப்படித் திருப்பத்தில் திரும்பவில்லை. நாலு பேர் முக்கிப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கினோம். அதில் உரக்கடைக்காரர் விதைப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டார். ஆவணங்களை நான் பழைய பிளாஸ்டிக் கூடையில் போட்டு வைத்தேன்.

டாக்டருக்கு மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டியலில் 'பயிற்சி' என்று ஒரு தலைப்பு இருந்தது. டாக்டர் வருவதைப் பயிற்சி என்று எழுதிக்கொள்ளலாம் என்றார். ஆகவே டாக்டர் வருகிற செவ்வாய்க்கிழமைகளில் வருகைப் பதிவேட்டோடு வாசலில் நான் நிற்பேன். உள்ளே போகிற நோயாளி, 'பயிற்சி பெறுபவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். மேடம் இதைச் சந்தோஷமாகச் செய்யவில்லை. "வேற வழி இருந்தா சொல்லுங்க சார், நான் மாத்திக்கிறேன்" என்றார். எனக்குத் தெரிந்த வழி எதுவும் காப்பி டம்ளரைத் தாண்டிப் போகாது. பதிவேட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"என்ன பயிற்சி அண்ணாச்சி இது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தூங்குறதுக்குப் பயிற்சிம்மா."

"அப்ப எம் மாமியாரயும் சேத்துக்கிடுங்க. நான் தூங்க ஆரம்பிச்சா அவுகளுக்குத் தூக்கம் வராது."

அவள் சொன்ன முதல் வேடிக்கை அது. அதைக் கேட்டு, கூட வந்திருந்த அவள் புருஷன் என்னை அப்படியொரு ஆச்சரியத்தோடு பார்த்தான்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிற வேலை. இரண்டு பிள்ளைகள். புருஷன் அதே கூடத்தில் தறி ஓட்டுகிறான். ஒரு வருடமாக அவளுக்குத் தூக்கம் இல்லை. நூல் அறுந்தது தெரியாமல் வெற்றுக் கூம்பு சுற்றிக்கொண்டிருக்க, அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாளாம். உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்க விட்டிருக்கிறாள். முதலில் அம்மன் சந்நிதிக்குத்தான் கூட்டிப்போனார்கள். எங்கள் ஊர்க் கோவிலில் அம்மன் முன்னால் தரையில் ஒரு சக்கரக் குழி உண்டு. மனம் கலங்கியவர்கள் அதில் உட்கார்ந்து எழுந்தால் தெளியும் என்பது நம்பிக்கை. எங்கெங்கோ இருந்து வந்து உட்காருகிறார்கள். யாருக்கும் அதில் வெட்கம் கிடையாது. தெரிந்தவர்கள் பார்த்தால் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். அவளும் ஒரு மண்டலம் போய் உட்கார்ந்தாள். "அங்கன இருக்கும்போது நல்லாருக்கும் அண்ணாச்சி. வீட்டுக்கு வந்தா மறுபடியும் கல்லத் தூக்கி வச்ச மாதிரி ஆயிரும்" என்றாள்.

இதை எழுத எங்கள் கேள்வித்தாளில் இடமில்லை. 'இதற்கு முன் பெற்ற சிகிச்சை' என்ற கேள்விக்கு அரசு, தனியார், இல்லை என்று மூன்றே கட்டங்கள். அம்மனை அரசில் சேர்ப்பதா தனியாரில் சேர்ப்பதா என்று மேடத்தைக் கேட்டேன். அவர் சிரித்தார். நாலாவது கட்டம் ஒன்று சேர்க்க அனுமதி கேட்டு மேலே எழுதினார். ஆராய்ச்சியின் எல்லைக்குள் வராது என்று பதில் வந்தது. அவளுக்கு 'இல்லை' என்று டிக் அடித்தேன். ஒரு மண்டலம் உட்கார்ந்து எழுந்ததை என் ஒரு விரல் இல்லாமல் ஆக்கிவிட்டது.

முதல் தடவை கேள்வி கேட்கப் போனபோது அவள் வாயைத் திறக்கவே இல்லை. திறக்க விட்டால்தானே. நான் வாசலில் உட்கார்ந்து டேப்பை எடுத்ததும் பக்கத்து வீட்டுக்காரி, எதிர்த்த வீட்டுக்காரி, கீரை விற்க வந்தவள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"கடந்த ரெண்டு வாரத்துல எத்தன நாள் மனச்சோர்வு இருந்திச்சு?" என்று கேட்டேன்.

"எழுதுங்க, தெனமும்" என்றாள் எதிர்த்த வீடு.

"ஏட்டி, போன வெள்ளிக்கிழம கோயிலுக்கு வந்தாள்லா. ஒரு நாளக் கழிச்சிரு" என்றாள் பக்கத்து வீடு.

கீரைக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சோர்வுன்னா என்னங்க, ரத்தம் கம்மியா?" என்றாள்.

தனிமையில் கேட்க வேண்டும் என்று களப்பணியாளர் கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டை எழுதியவர் எங்கள் தறித் தெருவைப் பார்த்திருக்க மாட்டார். கடைசியில் தறிக்கூடத்தில், பத்துத் தறிகள் ஒன்றாக அடிக்கிற சத்தத்தில், அவள் காதுக்குப் பக்கத்தில் நான் கத்த, அவள் என் காதுக்குப் பக்கத்தில் கத்த, ஒருவழியாகத் தனிமை கிடைத்தது.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். கூடவே அரை மணி நேரம் பேசவும் செய்தார். மூன்று மாதத்தில் அவள் தேறினாள். எப்படித் தெரிந்ததென்றால், ஒருநாள் வீட்டுக்குள் செருப்போடு காலை வைத்துவிட்டேன் என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். "கூட்டிப் பெருக்குறது உம்ம மேடமா?" என்று கேட்டாள். அவள் புருஷன் தெருமுனை வரை என்னோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "என்னையும் ஏசுதா அண்ணாச்சி. ஒரு வருசம் கழிச்சு நேத்துதான் ஏசுனா" என்றான். இதற்கும் கேள்வித்தாளில் கட்டம் இல்லை.

இத்தனை நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தவன் நான்.

ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர்களுக்கு ஏதாவது ஒரு சிறு பொருள் கொடுக்கலாம் என்று பட்டியலில் இருந்தது. பணமாகக் கூடாது. தறி ஊர்க்காரன் வேறு என்ன யோசிப்பேன், துண்டு. நல்ல கனமான ஈரிழைத் துண்டு. என் தெருவிலேயே இருக்கிற தறிக்கூட முதலாளியிடம் சொன்னேன்.

"வெறும் துண்டாவே குடுக்கப் போறீரு? பேரு போடலியா?" என்றார்.

எங்கள் ஊரில் பேர் போடாத அன்பளிப்பு அன்பளிப்பே இல்லை. ஒரு டியூப்லைட் கொடுத்தால், வெளிச்சம் வர இடமில்லாமல் 'உபயம்' எழுதுகிற ஜனங்கள் நாங்கள். கல்யாணத் துண்டென்றால் கரையில் மாப்பிள்ளை பெண் பேர், மறுகரையில் தாய்மாமன் பேர். காதுகுத்துக்குப் பிள்ளை பேர். கொடுக்கிறவன் பேரைப் போடாவிட்டால் வாங்குகிறவனுக்குத்தான் குறை. நமக்குப் பேர் போட்டுத் தர மனசில்லாமல் கடையில் எடுத்த துண்டைத் தந்துவிட்டான் என்பார்கள். ஆகவே நானும் துளிகூட யோசிக்காமல், "போட்டுருவோம் அண்ணாச்சி" என்றேன்.

வெள்ளைத் துண்டில் சிவப்பு எழுத்தில், ஒரு சாண் உயரத்தில் 'மனநல ஆராய்ச்சித் திட்டம் – அன்பளிப்பு' என்று அச்சாகி வந்தது. மூன்று தடவை சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை. அறுபது வீட்டிலும் என் கையால் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் கல்யாண வீட்டுக்காரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. தறித் தெருவில் எந்தக் கொடியிலும் அந்தத் துண்டு காயவில்லை. ஒரு வீட்டில் அது உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி மடிக்கப்பட்டு மிக்ஸியை மூடிக் கிடந்தது. ஒருவர் பைக் சீட்டுக்கு அடியில் திணித்து வைத்திருந்தார். ஒரு பெரியவர் மட்டும் 'மனநல' என்பதைக் கத்தரித்துவிட்டு, 'ஆராய்ச்சித் திட்டம் – அன்பளிப்பு' என்ற மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பீரமாக டீக்கடைக்கு வந்தார். பேசாமல் அவரையே களப்பணியாளராக எடுத்திருக்கலாம்.

அந்தப் பெண்ணின் வீட்டில் நடந்ததுதான் விபரீதம். அவள் நாத்தனாருக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சாப்பாடு முடிந்து கைகழுவி வந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு, வீட்டிலேயே புதுசான, வெள்ளையான துண்டை எடுத்து நீட்டியிருக்கிறாள் மாமியார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரியப்பாவுக்கு நன்றாகத் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டே எழுத்துக் கூட்டி, சத்தமாகவே படித்திருக்கிறார்.

"இந்த வீட்டுல யாருக்கு?" என்று மட்டும் கேட்டாராம்.

போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

மறுநாள் அந்தப் பெண்ணின் புருஷன் என் வீட்டுக்கு வந்தான். துண்டை மடித்து என் மடியில் வைத்தான். அவன் கத்தியிருந்தால் தேவலை.

"அண்ணாச்சி, எங்க வீட்டுல பைத்தியம் இருக்குன்னு கொடிதான் கட்டலன்னு நெனச்சியளா?"

"தம்பி, நான் யோசிக்காமப் பண்ணிட்டேன்."

"நீங்க யோசிக்க வேண்டாம். இனிமே எங்க வீட்டுக்கு வர வேண்டாம். அவளும் மாடிக்கு வரமாட்டா."

நான் வழக்கமாக எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருப்பேன். அன்று துண்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவளே ஒன்றும் சொல்லவில்லை என்றால் நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தார். மாடிக்கு நாலு பேர்தான் ஏறினார்கள். அவள் வரவில்லை. டாக்டர் வந்த அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நல்லதில்லை என்று டாக்டர் முகம் சுருங்கிப்போனார். நான் தறிக்கூடத்தின் ஜன்னல் வழியே பார்த்தேன். கூம்பு சுற்றிக்கொண்டிருந்தது. நூலைப் பார்க்காமல் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடத்திடம் போனில் உள்ளதைச் சொன்னேன். "சார், துண்டுல நம்ம பேரை ஏன் போட்டீங்க?" என்றார்.

"பேர் போடலன்னா மரியாதையா இருக்காது மேடம்."

"ரெண்டாவது தடவை இவங்க பதில் சொல்லலன்னா அடுத்த வருஷம் இல்ல. தெரியும்ல?"

தெரியும். அறுபது வீட்டுக்கும் மறுபடி நடந்தேன். துண்டுகளைத் திரும்ப வாங்கினேன். ஒரு வாரம் நானும் என் மனைவியும் உட்கார்ந்து எழுத்துப் பகுதியைக் கத்தரித்து, ஓரம் அடித்து, வெறும் துண்டாக்கினோம். "ஊருல எல்லாரும் பேரு வாங்கப் பாடுபடுதாவ, நீரு பேர அறுக்கப் பாடுபடுதீரு" என்றாள் அவள். வெறும் துண்டைக் கொண்டுபோய் ஒவ்வொரு வீட்டிலும் மன்னிப்பும் கேட்டேன். பலர் சிரித்துவிட்டார்கள். நம்மைப் பார்த்துச் சிரிப்பவர்கள் நம்மை மன்னித்துவிட்டார்கள் என்று அர்த்தம். இந்த ஒரு கணக்கில் மட்டும் நான் வாழ்க்கையில் தவறியதில்லை.

அவள் புருஷன் சிரிக்கவில்லை. டீக்கடையில் மூன்று நாள் தொடர்ந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது நாள் அவனே பேசினான்.

"ராத்திரி எந்திரிச்சு உக்காந்திருக்கா அண்ணாச்சி. மறுபடியும்."

"அனுப்பி வையிங்க தம்பி. எம்மேல உள்ள கோவத்துல அவளுக்கு ஏன் கெடுதல் பண்ணணும்?"

"அனுப்புதேன். ஆனா ஒண்ணு கேக்கேன். ஆறு மாசம் முடியப்போகுது. அப்புறம் டாக்டர் வருவாவளா? பாதியில வுட்டுட்டுப் போறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க. அவ இன்னொருக்க கீழ வுழுந்தா என்னால தூக்க முடியாது."

"வருவாவ. ஒரு வருசம் வருவாவ. நான் பொறுப்பு" என்றேன்.

எதன்மேல் நின்று அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாவது சுற்று முழுமையாக நடந்தால் அடுத்த வருட நிதி உண்டு என்று காகிதத்தில் இருந்தது. காகிதத்தில் இருந்ததை நம்பினேன். இத்தனைக்கும் காகிதத்தில் இருந்த அலமாரி எங்கே நின்றது என்று பார்த்தவன் நான்.

அவள் வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். இரண்டாவது சுற்றில் ஐம்பத்தெட்டு பேர் பதில் சொன்னார்கள். மீதி இரண்டு குடும்பம் ராஜபாளையம் பக்கம் மில் வேலைக்குப் போய்விட்டிருந்தது. அங்கேயும் பஸ் ஏறிப் போய்க் கேட்டு வந்தேன். அறுபதுக்கு அறுபது. மேடம் போனில் முதல்முறையாக என்னைப் பாராட்டினார். அறிக்கை போயிற்று. அவளுடைய பதில்களைப் பார்த்து டாக்டரே, இப்படியே ஒரு வருடம் போனால் மாத்திரையை மெல்லக் குறைத்துவிடலாம் என்றார்.

நிதி கொடுக்கிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. மேடம் அதை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுப் போன் செய்தார்.

"படிச்சீங்களா?"

"இங்கிலீஷ்ல இருக்கு மேடம். நல்லாப் பாராட்டியிருக்காவ போல."

"பாராட்டியிருக்காங்க. ரெண்டாவது வருஷத்துக்கு நிதி உண்டு. கடைசிப் பத்தியப் படிங்க."

படித்தேன். பயிற்சி சிறப்பாக நிறைவடைந்துள்ளது, பங்கேற்பாளர் அனைவரும் போதிய பயிற்சி பெற்றுவிட்டார்கள், எனவே இரண்டாம் ஆண்டில் பயிற்சிக்கான ஒதுக்கீடு தேவையில்லை, அந்தத் தொகையைத் தரவுகளை அலசும் மென்பொருள் வாங்கப் பயன்படுத்தலாம் என்று இருந்தது.

"யார் மேடம் பயிற்சி முடிச்சது? தூங்குறதுக்கா?"

"தெரியும் சார். எனக்குத் தெரியாதா?" என்றார் மேடம். "பயிற்சின்னு எழுதினது நான். சிகிச்சைன்னு எழுதியிருந்தா முதல் வருஷமே கிடைச்சிருக்காது. மேல பேசிப் பார்த்தேன். விதி அப்படிங்கிறாங்க. டாக்டரை என் கையிலருந்து பெட்ரோல் போட்டு எத்தனை தடவை கூப்பிட முடியும்? ஏற்கெனவே மூணு தடவை கூப்பிட்டாச்சு."

"அப்ப நான் அடுத்த வருசம் என்ன பண்ணணும்?"

"மூணு மாசத்துக்கு ஒருக்கா போய் அதே கேள்விகளைக் கேக்கணும்."

வைத்தியம் நின்ற பிறகு ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதும் முக்கியமான தரவுதானாம். இதை மேடம் சொல்லவில்லை. கடிதத்திலேயே இருந்தது.

இரண்டு நாள் தறித் தெருப் பக்கம் போகாமல் சுற்றுவழியாகப் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். மூன்றாவது நாள் போனேன். அவன் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். செருப்பை மறக்காமல் கழற்றிப் போட்டுவிட்டு நின்றேன்.

"டாக்டர் இனிமே வரமாட்டாவ தம்பி. நான் பொறுப்புன்னு சொன்னேன். என்னால முடியல."

அவன் என்னைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் சைக்கிள் கம்பியையே துடைத்தான்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸு அண்ணாச்சி?" என்றான்.

ஒன்றரை மணி நேரப் பயணம். மனநலப் பிரிவு எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் சீட்டு, எந்த ஜன்னல் என்று எழுதிக் கொடுத்தேன். அவன் அதை வாங்கவில்லை.

"நீங்களும் வாங்க. அங்கன யார்கிட்ட என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியாது. கேள்வி கேக்குறது உங்க வேலதான."

போனேன். இருவருக்கும் அன்றைக்குத் தறிக்கூடத்தில் சம்பளம் இல்லை. எட்டு மணிக்கே வரிசை படிக்கட்டு வரை இறங்கிவிட்டது. வாசுதேவநல்லூர், ராயகிரி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் உள்ளே ஒரே டாக்டர். அவர் வயிற்றுக்கு ஏதாவது போட்டு வந்திருப்பாரா என்று எனக்குக் கவலையாக இருந்தது. மத்தியானத்துக்குச் சற்று முன்னால் எங்கள் முறை வந்தது.

"என்ன செய்யுது?" என்று டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவளுடைய பதில் முழுவதும் எனக்கு மனப்பாடம். இரண்டு சுற்றும் நான்தானே எழுதினேன். சொல்லிவிட வாய் துறுதுறுத்தது. எதிர்த்த வீட்டுக்காரியும் கீரைக்காரியும் ஞாபகத்துக்கு வர, வாயை மூடிக்கொண்டேன்.

"தூக்கம் போயிருது டாக்டர்" என்றாள். "மாத்திர சாப்பிட்டா வருது. நெஞ்சுக்குள்ள கல்லு வச்ச மாதிரி இருந்திச்சு, எறங்கிட்டு. மறுபடி ஏறிருமோன்னு பயமா இருக்கு. அது ஒண்ணுதான் இப்ப."

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர். இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். வெளியே வரிசை முனகியது. அதே மாத்திரையை எழுதினார். மருந்து ஜன்னலில் பதினைந்து நாளுக்குத்தான் கொடுத்தார்கள். இருப்பு அவ்வளவுதான், மறுபடி வாருங்கள் என்றார்கள்.

"மாசத்துக்கு ரெண்டு நாள் சம்பளம் போயிரும்" என்றான் அவன், மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டபடி. "பாத்துக்கிடுவோம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர்களுக்குப் பின்சீட்டில் இடம் கிடைத்தது எனக்கு. மேடத்திடமிருந்து செய்தி வந்திருந்தது: அடுத்த சுற்றுக் கேள்விகள் முதல் தேதியிலிருந்து ஆரம்பம், புது மென்பொருளில் ஏற்ற வேண்டும், ஒரு கட்டமும் விடுபடக் கூடாது. அவன் தூங்கிவிட்டிருந்தான். அவள் திரும்பினாள்.

"அண்ணாச்சி, அடுத்த மாசம் அந்தக் கேள்வியோட வருவியள்லா?"

"வரணும்மா."

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. நல்லாருக்கேன்னு சொன்னா டாக்டர மறுபடி அனுப்புவாவளா, நல்லால்லன்னு சொன்னா அனுப்புவாவளா? எதுன்னு சொல்லிருங்க. அதையே சொல்லிருதேன்."

நல்லாயிருக்கிறேன் என்று அவள் சொன்னால், டாக்டர் இல்லாமலே நன்றாக இருக்கிறார்கள் என்று எழுதுவார்கள். நன்றாக இல்லை என்று சொன்னால், டாக்டரை அனுப்பியும் பலனில்லை என்று எழுதுவார்கள். இரண்டுக்கும் கடைசிப் பத்தி எப்படி இருக்கும் என்று அந்த ஒரு கடிதத்திலேயே எனக்குப் பழகிவிட்டது. வேடிக்கையாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று தேடினேன். அவள் வேடிக்கை கேட்கவில்லை. அறுபது வீட்டில் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்கிறாள்.

"உள்ளதச் சொல்லும்மா" என்றேன்.

"உள்ளதத்தான ரெண்டு தடவையும் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.